திருவள்ளூர்க் கிருமியின் ஜாதகம்

அத்திப்பட்டு என்றதும் உங்களுக்கு 'சிட்டிசன்' படம் ஞாபகம் வந்தால் அதற்கு அஜித்தான் பொறுப்பு. படத்தில் வரைபடத்திலிருந்தே காணாமல் போன ஊர் அத்திப்பட்டி. இது அத்திப்பட்டு. வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் ஊர் காணாமல் போக ஆசைப்பட்டாலும் முடியாது. போதாக்குறைக்குக் கும்மிடிப்பூண்டி லைனில் அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர் என்று இரண்டு ஸ்டேஷன்கள் வேறு.

இந்த ஊர் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. எதைத் தோண்டினாலும் 'நாங்கதான் சீனியர்' என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அதிரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் 1863இல் கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். பின்னால் தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவின் குழுவினர் அங்கே தோண்டி, கீழே கிடந்த கைக்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள். கோடரி வைத்திருந்தவர் போய்விட்டார். அவருக்கு அப்புறம் வந்து, இன்றுவரை காலி செய்யாத குடித்தனக்காரர் ஒருவர் இந்த மாவட்டத்தில் இருக்கிறார். காசநோய்க் கிருமி.

இந்தக் கிருமியைத் திருத்த, துரத்த, தடுக்க, உலகத்தின் பெரிய பெரிய நிபுணர்கள் எல்லாம் திருவள்ளூர்ப் பக்கம் வந்துபோனார்கள். எல்லாரும் எல்லாம் கேட்டார்கள். 'நீ யார், எந்த வம்சம்?' என்று மட்டும் கிருமியைக் கேட்க மறந்துவிட்டார்கள். அந்தக் கதைதான் இது.

பெர்லினில் ஆரம்பித்த வம்பு

1882 மார்ச் 24. பெர்லினில் ராபர்ட் கோக் என்ற டாக்டர் எழுந்து நின்று, காசநோய்க்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று காட்டினார். சபை அசந்துபோனது. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். 1890இல் டியூபர்குலின் என்று ஒன்றைக் கொண்டுவந்து, இதுதான் மருந்து என்றார். நோயாளிகள் கூட்டம் கூட்டமாக பெர்லினுக்கு ரயில் ஏறினார்கள். மருந்து வேலை செய்யவில்லை. நோயைக் குணப்படுத்த வந்த டியூபர்குலின், கடைசியில் நோய் தொற்றியிருக்கிறதா என்று கையில் குத்திப் பார்க்கும் வேலைக்கு இறக்கப்பட்டது. அந்த வேலையை அது இன்றைக்கும் ஒழுங்காகச் செய்கிறது.

அடுத்து பிரான்ஸ். கால்மெட், கெரான் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை எடுத்து, பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கின் மேல் வளர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை புதுக்கிழங்குக்கு மாற்றினார்கள். 1908இல் தொடங்கி 13 ஆண்டுகள், 230 தடவை. முதல் உலகப்போர் வந்தது, போனது. கிழங்கு மாற்றுவது நிற்கவில்லை. கடைசியில் கிருமி கடிக்கும் குணத்தை விட்டுவிட்டது. அதுதான் பிசிஜி தடுப்பு மருந்து. 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள்.

சுதந்திர இந்தியாவுக்குப் பிசிஜி வேண்டும் என்று முடிவாகி, 1948இல் கிண்டியில் தயாரிப்புக்கூடம் வந்தது. தமிழ்நாட்டில் எந்தத் திட்டம் வந்தாலும் எதிர்க்க ஒரு பெரியவர் வேண்டுமே? முதலமைச்சர் பதவியிலிருந்து இறங்கி ஓராண்டு ஆகியிருந்த ராஜாஜி, 1955இல் பிசிஜியை எதிர்த்துக் கட்டுரை, பிரசுரம், பேச்சு என்று கிளம்பினார். டெல்லியில் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ராஜாஜியின் வாதங்களில் பல பிற்பாடு நிற்கவில்லை. ஆனால் 'இது வேலை செய்யும் என்று இந்த ஊரில் நிரூபித்தாயிற்றா?' என்ற கேள்வி அந்தரத்திலேயே தொங்கியது.

சேத்துப்பட்டு கொடுத்த முதல் அடி

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் திறந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என்று நாலு சம்பந்தி வீடு சேர்ந்த கல்யாணம். அதுவரை காசநோய் என்றால் மலைக்காற்று, பால், முட்டை, சாய்வு நாற்காலி, சானடோரியம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டரின் தலைமையில் சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் சானடோரியத்தில், பாதிப்பேர் தங்கள் ஒண்டுக்குடித்தனத்தில், அதே ரசம் சாதத்தோடு, அதே மாத்திரையோடு. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறியிருந்தது. 1959இல் இந்த முடிவு வெளியானதும், மலைக்காற்றை விற்றுக்கொண்டிருந்தவர்கள் முகம் விழுந்தது. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னைச் சேரிகள் ஒரு முக்கியக் காரணம்.

இதே காலத்தில் இன்னொரு வேடிக்கை. டெனிஸ் மிச்சிசன் என்பவர் சென்னை நோயாளிகளின் கிருமியையும் பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமியையும் கினிப்பன்றிகளுக்குள் செலுத்திப் பார்த்தார். பிரிட்டிஷ் கிருமி கினிப்பன்றியைக் கவிழ்த்தது. நம்மூர்க் கிருமியில் பலதும் 'வந்தோம், இருக்கிறோம்' என்று நிதானமாக உட்கார்ந்திருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் சீக்கிரம் சுருண்டும் போனது. மனிதனிடம் மட்டும் அது இந்தச் சாதுத்தனத்தைக் காட்டவில்லை. 1960இல் கட்டுரை வந்தது. 'தென்னிந்திய ரகம்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாது. கிருமிக்கு ஜாதகம் எழுதும் வித்தை அப்போது உலகில் எங்கும் இல்லை.

பூஜ்யத்தின் மகிமை

அந்தரத்தில் தொங்கிய கேள்விக்கு வருவோம். பிசிஜி வேலை செய்கிறதா? பிரிட்டனில் நன்றாகச் செய்தது. அமெரிக்காவின் தெற்கில் செய்யவில்லை. சந்தேகத்தைத் தீர்க்க, உலகத்திலேயே பெரிய பிசிஜி சோதனையை நடத்த ஓர் இடம் தேடினார்கள். விரல் வந்து நின்ற இடம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம், திருவள்ளூர் வட்டாரம். (1997இல்தான் மாவட்டம் பிரிந்து திருவள்ளூர் தனிக்குடித்தனம் வந்தது.)

1968இல் தொடங்கினார்கள். இருநூற்றுச் சொச்சம் பஞ்சாயத்துகள், சில சிறு நகரங்கள். எக்ஸ்ரே வண்டி, சளி டப்பா, பதிவேடு. 2,80,000 பேருக்கு மேல் ஊசி. சிலருக்கு பாரிஸ் ரகம், சிலருக்கு டென்மார்க் ரகம், சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று ஊசி போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. ஏதோ ஒரு கிராமத்துத் திண்ணையில் இப்படித்தான் பேச்சு நடந்திருக்க வேண்டும்:

"பெரிம்மா, கையைக் காட்டுங்க."

"எதுக்கு ராசா?"

"டிபி வராம இருக்கறதுக்கு."

"இத போட்டா வராதா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் போடறோம்."

"வந்துட்டா?"

"எழுதிக்குவோம் பெரிம்மா."

எழுதிக்கொண்டார்கள். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுக்கத் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்து, 15 ஆண்டுகள். இவ்வளவு பொறுமையாகச் செய்த ஆய்வு உலகில் குறைவு. கிராமத்து ஜனங்களும் சலிக்காமல் கையை நீட்டினார்கள், சளியைத் துப்பிக் கொடுத்தார்கள். ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் வெளியானது. சனி ஏழரை ஆண்டு பிடித்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பிசிஜியின் பலன்: பூஜ்யம். பூஜ்யத்தை உலகுக்குக் கொடுத்தது நாம்தான் என்ற பழைய பெருமை திருவள்ளூரில் மறுபடியும் நிலைநாட்டப்பட்டது.

'லான்செட்' பத்திரிகை 1980 ஜனவரியில் இந்தியாவிலிருந்து கெட்ட செய்தி என்று தலையங்கமே எழுதிற்று. செய்தி கெட்டதாம், அனுப்பியவர் இந்தியாவாம். தபால்காரனைத் திட்டுவது உலக வழக்கம். ராஜாஜி 1972லேயே காலமாகிவிட்டதால், 'அன்னைக்கே சொன்னேனே' என்று சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. சொல்லியிருந்தாலும் பாதிதான் சரி. பிறந்த குழந்தைக்குப் போடும் பிசிஜி, மூளைக்காய்ச்சலாகவும் உடல் முழுதும் பரவியும் வரும் கொடிய காசநோயிலிருந்து காக்கிறது. அதனால்தான் இன்றும் போடுகிறார்கள். பூஜ்யம் என்பது பெரியவர்களின் நுரையீரல் கணக்கு.

காரணம் தேடினார்கள். திருவள்ளூர் மண்ணையும் தண்ணீரையும் வீட்டுத் தூசியையும் அள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால், காசநோய்க் கிருமியின் நோய்செய்யாத உறவுக்காரக் கிருமிகள் எங்கும் நிறைந்திருந்தன. சின்ன வயதிலிருந்தே அவற்றோடு பழகிய உடம்புக்குப் பிசிஜி புதிதாக எதையும் சொல்லித்தரவில்லை என்பது ஒரு வாதம். ஊசிக்கிருமியே கெட்டுப்போயிருந்தது என்பது இன்னொரு வாதம். நம்மூர்க் கிருமி வேறு ரகம் என்பது மூன்றாவது. மூன்றாவதைச் சோதிக்கக் கிருமியின் எழுத்தைப் படிக்க வேண்டும்.

எழுத்தைப் படிக்கக் கற்ற கதை

டிஎன்ஏவில் நாலே எழுத்து: ஏ, சி, ஜி, டி. இந்த நாலை வரிசையாகப் படிக்க ஃபிரெடெரிக் சாங்கர் 1977இல் வழி கண்டார். முதலில் படித்த முழு டிஎன்ஏ, பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு சின்ன வைரஸ்: 5,386 எழுத்து. நாலு வரிசைக் கோடுகள் விழுந்த எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணால் பார்த்து, கையால் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குப் பரிசாக சாங்கருக்கு 1980இல் இரண்டாவது நோபல். முதல் நோபலை அவர் 1958இலேயே வாங்கி வைத்திருந்தார்.

காசநோய்க் கிருமியின் முழு எழுத்து 1998இல் வந்தது. 44,11,529 எழுத்து. இங்கேதான் கதையின் வில்லங்கம். படித்தது எந்தக் கிருமியை? எச்37ஆர்வி என்ற ரகம். அதன் பூர்வீகம், 1905இல் நியூயார்க் மாநிலத்தில் சாரனாக் லேக் என்ற ஊரில் சிகிச்சை பெற்ற ஓர் இளைஞரின் சளி. அவர் துப்பியது உலகத்துக்கே மாதிரி ஜாதகம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து எந்த நாட்டுக் கிருமியைப் படித்தாலும், இந்த அமெரிக்க ஜாதகத்தின் பக்கத்தில் வைத்துத்தான் பொருத்தம் பார்க்கிறார்கள்.

இதற்குக் கொஞ்சம் முன்னால், 1990களில், முழுதும் படிக்காமல் கைரேகை மாதிரி அடையாளம் எடுக்கும் முறை ஒன்று பிரபலமாக இருந்தது. ஐஎஸ்6110 என்ற டிஎன்ஏ துண்டு, கிருமிக்குள் எத்தனை இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று எண்ணுவது. வெளிநாட்டுக் கிருமிகளில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஒட்டியிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துவிடலாம். சென்னை, திருவள்ளூர்க் கிருமிகளை எண்ணினால், அவற்றில் பெரும் பங்குக்கு ஒரே ஓர் ஒட்டு. எல்லாக் கிருமியும் ஒரே முகம். போலீஸ் அணிவகுப்பில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே சட்டை, ஒரே மீசை. வெளிநாட்டில் வெற்றிவாகை சூடிய முறை திருவள்ளூர் எல்லையில் மூச்சிழந்து நின்றது.

அப்புறம்தான் இயந்திரங்கள் வேகம் பிடித்தன. இதில் சென்னைக்கு ஒரு சின்னப் பங்கு உண்டு. 1966இல் சென்னையில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போன சங்கர் பாலசுப்பிரமணியன், கேம்பிரிட்ஜில் டேவிட் கிளனர்மனோடு சேர்ந்து 1997இல் பாண்டன் ஆர்ம்ஸ் என்ற பப்பில் பீர் குடித்துக்கொண்டே யோசித்தார். நம்மூரில் டீக்கடை பெஞ்சில் ஆட்சியைக் கவிழ்ப்போம்; அவர்கள் பப்பில் உட்கார்ந்து டிஎன்ஏ படிக்கும் முறையைக் கவிழ்த்தார்கள். மறு ஆண்டே சொலெக்ஸா என்ற நிறுவனம். 2007இல் அதை இல்லுமினா வாங்கியது. இன்று உலகில் படிக்கப்படும் டிஎன்ஏவில் பெரும்பகுதி இந்த முறையில்தான்.

வேலை எப்படி நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்ப்போம். முதலில் நோயாளியின் சளி. அதிலுள்ள கிருமியை வளர்க்க, கோழிமுட்டையை அடித்து, கிளிசரினும் மாலகைட் பச்சையும் கலந்து, சின்ன பாட்டிலில் சாய்வாக வேகவைத்த பச்சைத் தளம் தயாராக இருக்கும். அதில் தடவிவிட்டு, 37 டிகிரியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேகமான பாக்டீரியா சில இருபது நிமிடத்தில் இரண்டாகும். இவர் இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்வார். அரசாங்க ஃபைலின் வேகம். ஆறு வாரம், எட்டு வாரம் கழித்து பச்சையின் மேல் வெளிர்மஞ்சளாய், சொரசொரப்பாய் ஒரு திட்டு. உடம்பெல்லாம் மெழுகு போர்த்திய அந்தக் கிருமியை உடைத்து டிஎன்ஏவை எடுப்பதே பெரும்பாடு. எடுத்ததைத் துண்டுதுண்டாக்கி ஒரு கண்ணாடிச் சில்லில் ஒட்டவைப்பார்கள். ஒவ்வொரு துண்டும் அங்கேயே பெருகிக் கொத்தாகும். பிறகு ஒளிரும் நிறம் பூசிய எழுத்துகளை உள்ளே விடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே எழுத்துதான் சேர முடியும்படி அதன் வாயைக் கட்டியிருக்கும். சேர்ந்ததும் ஒரு போட்டோ. எந்த நிறம், எந்த எழுத்து என்று குறித்துக்கொண்டு, நிறத்தைக் கழற்றி, கட்டை அவிழ்த்து, அடுத்த எழுத்து. இப்படிக் கோடிக்கணக்கான கொத்துகளில் ஒரே சமயத்தில். முன்பு சாங்கர் ஃபிலிமைக் கண்ணருகே பிடித்துப் படித்ததை, இப்போது கேமரா கும்பலாகப் படிக்கிறது.

ஜாதகம் என்ன சொன்னது?

படித்தார்கள். முதல் அதிர்ச்சி ஊசிக்கு. கால்மெட்டும் கெரானும் கிழங்கு மாற்றி மாற்றி வளர்த்ததில், கிருமி தன் டிஎன்ஏவில் ஆர்டி1 என்ற பகுதியையே தொலைத்திருந்தது. கடிக்கும் குணம் போன ரகசியம் அதில்தான். அதோடு நிற்கவில்லை. ஆளுக்கொரு ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு விதமாக வளர்த்ததில், ஊசிக்கிருமிகள் மேலும் சில பகுதிகளை இழந்து தனித்தனி ரகங்களாகிவிட்டன. திருவள்ளூரில் குத்திய பாரிஸ் ரகமும் டென்மார்க் ரகமும் இப்படித் தேய்ந்துபோனவையே.

இரண்டாவது அதிர்ச்சி நம்மூர்க் கிருமி பற்றி. அது முதல் வம்சம். இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளில் பரவியிருக்கும் பழைய கிளை. பழசு என்பதற்கு அத்தாட்சி டிபிடி1 என்ற சுமார் 2,150 எழுத்துள்ள பகுதி. ஐரோப்பா, அமெரிக்கா, சீனா என்று உலகைச் சுற்றும் 'நவீன' வம்சங்கள் எப்போதோ அதைத் தொலைத்துவிட்டன. நம்மாள் பத்திரமாக வைத்திருக்கிறார். 2020இல் ஓர் ஐரோப்பிய ஆய்வுக்குழு, இந்தப் பகுதியை இழந்த பிறகுதான் நவீன வம்சங்களுக்கு முரட்டுத்தனம் கூடியது, ஆக்சிஜன் சார்ந்த நெருக்கடியைத் தாங்கும் சக்தி கூடியது என்று விலங்குகளில் காட்டியது. 1960இல் மிச்சிசனின் கினிப்பன்றிகள் பிழைத்ததற்கும், பெராக்சைடு பட்டதும் நம்மூர்க் கிருமி சுருண்டதற்கும் அறுபது ஆண்டு கழித்து ஒரு விளக்கம் கிடைத்தது. அந்தக் கினிப்பன்றிகளுக்குச் சொல்லியனுப்ப வழியில்லை.

வேடிக்கையின் உச்சம் இனிமேல்தான். நியூயார்க் இளைஞரின் மாதிரி ஜாதகம் நவீன வம்சம். அதில் டிபிடி1 கிடையாது. மாதிரியில் இல்லாத பகுதி நம்மூர்க் கிருமியில் இருந்தால், பொருத்தம் பார்க்கும் கம்ப்யூட்டர் அந்தத் துண்டுகளை 'எங்கும் பொருந்தவில்லை' என்று ஓரமாகத் தள்ளிவிடும். அதாவது நமக்கே உரிய விசேஷத்தைப் பார்க்க முடியாத கண்ணாடியை மாட்டிக்கொண்டு இத்தனை காலம் பார்த்திருக்கிறோம்.

இது வெறும் குலப்பெருமைச் சண்டை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். சேத்துப்பட்டு மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்த நிறுவனமும் அமெரிக்காவின் பிராட் நிறுவனமும் சேர்ந்து தென்னிந்தியக் கிருமிகளை முழுதாகப் படித்து 2017இல் எழுதிய கட்டுரை ஒரு விஷயத்தை உரக்கச் சொன்னது. மருந்துக்கு அடங்காத நம்மூர்க் கிருமிகளில் சிலவற்றின் திமிருக்கு, உலகப் பட்டியலில் உள்ள வழக்கமான மாற்றங்கள் காரணமாக இல்லை. இந்த வட்டாரத்துக்கென்று தனியாகப் பரிசோதனை வேண்டும். பிடிவாதக் காசநோய்க்கு இந்திய அரசு 2024இல் அனுமதித்த புதிய கூட்டு மருந்தில் பிரெட்டோமானிட் என்று ஒன்று இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் முதல் வம்சக் கிருமியை அடக்க, மற்ற வம்சங்களைவிட அதன் அளவு கூடுதலாகத் தேவைப்படுகிறது. 1968இல் ஊசியோடு வந்தபோது கேட்காத கேள்வியை, மாத்திரையோடு வரும்போதாவது கேட்க வேண்டும்.

கேட்காமல் இருக்க இப்போது சாக்கு இல்லை. மனித டிஎன்ஏவை முதலில் படிக்க 1990 முதல் 2003 வரை ஆனது. செலவு சுமார் 270 கோடி டாலர். 2021இல் கொரோனாவின் உருமாற்றத்தைப் பார்க்கத் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் தமிழ்நாடு அரசே முழு மரபணு படிக்கும் ஆய்வுக்கூடம் திறந்தது. அதற்கான செலவு சுமார் 4 கோடி ரூபாய். இந்தக் காலத்தில் ஒரு நடுத்தர சினிமாவின் பாட்டுச் செலவு.

தீர்ப்பு இதுதான். திருவள்ளூர் ஜனங்கள் 15 ஆண்டுகள் கையையும் சளியையும் கொடுத்து உலகத்துக்கு ஓர் உண்மையைச் சொன்னார்கள்: வெளியூர் வைத்தியத்தை உள்ளூர்க் கிருமியிடம் கேட்காமல் போடாதே. அதற்குக் கைம்மாறாக, இந்த மாவட்டத்துக் கிருமிகளின் ஜாதகத்தைத் தொடர்ந்து படித்து, நம்மூர்க் கிருமியையே மாதிரியாக வைத்துப் பரிசோதனைகளைச் செய்வதுதான் முறை. உங்கள் பங்குக்கு நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். அத்திப்பட்டானாலும் கும்மிடிப்பூண்டியானாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை என்றால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுங்கள். பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.